நீ தூக்கவிடாத ஸ்டாண்டு

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கி, உன் மூன்று கால் கேமரா ஸ்டாண்டை என் வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "இது உங்ககிட்டதான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாருண்ணா" என்றார். காபி வேண்டாம் என்று உடனே கிளம்பிவிட்டார். ரொம்ப நேரம் நான் அதைத் தொடவில்லை. தொட்டபோது முதலில் வந்தது வாசனைதான். தூக்குவதற்காக நீ கட்டியிருந்த அந்தப் பழைய சீட் பெல்ட் பட்டையில் உன் வேர்வையும் தேங்காய் எண்ணெயும் அப்படியே ஊறிக் கிடந்தன.

மாட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. நீ என்னைவிட ஒரு சாண் குட்டை. அது எனக்குச் சரியாக இருக்க நியாயமே இல்லை. திருப்பிப் பார்த்தால், பட்டையில் புதிதாக ஒரு துண்டு சேர்த்துத் தைத்திருந்தது. உன் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி செருப்பு தைக்கறவருகிட்ட குடுத்து நீட்டிக்கிட்டு வந்தாரு" என்றார். நான்கு வருடமாக என்னை அதைத் தொடக்கூட விடாதவன் நீ. ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே நாராயணப்பாவிடமிருந்து போன். வியாழக்கிழமை பேரனுக்குக் காது குத்து, நாம்தான் வந்து வீடியோ எடுக்க வேண்டுமாம்; உன் போன் கிடைக்கவில்லையாம். நாலு வருடத்துக்கு முன் அவர் மகள் கல்யாணத்தை நாம் எடுத்த அதே ஊர். வரமுடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். வாரம் முழுக்க ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள், சனி ஞாயிறு கெலமங்கலத்தில் உன் ஸ்டுடியோவின் பாதிப் பங்காளி. அதுதான் நான். நமக்குள் பெரிய சண்டையெல்லாம் கிடையாது, ஸ்டாண்டு தூக்குவதைத் தவிர. நான் அதைத் தோளில் சாய்த்துப் போட்டு, கால்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க நடப்பேன். தோள் எலும்பு கன்றிப்போகும். துண்டை மடித்து வைப்பேனே தவிர மாற்றமாட்டேன். நீ பழைய இரும்புக் கடையில் லாரி சீட் பெல்ட்டை அறுத்து வாங்கி வந்தாய். ஒரு முனையைத் தலைப்பக்கம், மறுமுனையை ஒரு காலின் அடியில் கட்டினாய். மாரில் குறுக்கே பட்டை, முதுகில் ஸ்டாண்டு. கேமரா மாட்டும் கனமான தலை இடுப்புப் பக்கம் கீழே தொங்கினால் ஆடாது என்று நீயே கண்டுபிடித்தாய். மார்கழிக் காலையில் இரும்பு கையைக் கடிக்கிறது என்று ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்புப் பஞ்சை ஸ்டாண்டின் காலில் சுற்றினாய். வண்டியில் நான் அதைக் குறுக்கே பிடித்தால் கத்துவாய்: "நேரா நிறுத்திப் புடிடா, லாரிக்காரன் நம்மளயும் சேத்து இழுத்துட்டுப் போயிருவான்!"

நாராயணப்பா மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் பகலில் அந்த ஊருக்குப் போனோம். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடியோவில் வரும் பாட்டுக்கு நாலு இயற்கைக் காட்சி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போனேன். பாட்டுக்கு இல்லையடா. கிணறு, மண் பாதை, வரப்பு, மாந்தோப்பின் நான்கு மூலை, எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எங்கள் லேபர் கான்ட்ராக்டர் கேட்டிருந்தார். பெங்களூரில் உட்கார்ந்தபடியே நிலம் வாங்கப் பார்க்கிறவர்களுக்குக் காட்ட. கொண்டுவந்தால் அடுத்த பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் என்றார். ஆறு வருடம் கான்ட்ராக்டில் தேய்ந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதாதா?

திரும்பி வரும்போது பாதையில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். பக்கத்து ஊரில் அப்போதுதான் ஒருவர் நிலத்தை விற்க, வாங்கியவர்கள் அளந்து கல் நட்டு, கிணற்றுக்குப் போகும் வழியையே அடைத்திருந்தார்கள். தோளில் முக்காலியோடு வரப்பில் நடந்தவன் அவர்கள் கண்ணுக்குச் சர்வேயர்தான். "எவரு நுவ்வு, யாரு நீ? அளக்க வந்தியா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்கள். ஒருவர் ஸ்டாண்டைப் பிடுங்கினார். நீ ஓடி வந்தாய். நாராயணப்பாவும் வந்தார். கேமராவை வாங்கி, எடுத்ததை எல்லாம் ஓட்டிப் பார்த்தார். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "உன்ன கல்யாணத்த எடுக்கக் கூப்ட்டன். கெணத்த எடுக்கக் கூப்டல."

"பாட்டுக்குங்க. என் ஆளு, எனக்குத் தெரியாதா?" என்றாய்.

"அப்படின்னா அம்மன் முன்னாடி சத்தியம் பண்ணு."

கோயில் படியில் கற்பூரம் ஏற்றினார்கள். நீ என்னைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "இதுல இருக்கறது இந்த ஊரத் தாண்டி யார் கைக்கும் போவாது" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தின் மேல் வலது கையை வைத்து அமுக்கினாய். அணையும் வரை எடுக்கவில்லை. உன் கைக்குக் கீழே புகை வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்தை எடுத்து முடித்தோம். கொப்புளம் கிளம்பிய கையோடு ஸ்டாண்டை நீயே முதுகில் மாட்டிக்கொண்டாய். "குடுடா" என்று நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டாய். கெலமங்கலத்தில் டீ குடிக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்: "வயல எடுத்த கார்டு உங்கிட்டதான் இருக்குது."

மூன்றாம் நாள் அந்த மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனேன். பொய் சொல்லமாட்டேன், கொடுக்கத்தான் போனேன். அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிரில் ஒருவர் உள்ளங்கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார், மெஷினில் மாட்டிக்கொண்டவர். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் கார்டை நாலாக உடைத்துச் சாக்கடையில் போட்டேன். பெர்மனென்ட் லிஸ்ட் வந்தது, என் பெயர் இல்லாமல். இதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எடுத்ததைச் சொல்ல வேண்டும். அந்த வெட்கத்தில் நாலு வருடம் ஓட்டிவிட்டேன். நீயும் ஒவ்வொரு விசேஷத்திலும் ஸ்டாண்டை என் கைக்குக் கிடைக்காமல் நீயே மாட்டிக்கொண்டாய். நம்பிக்கை போய்விட்டது, அதை இப்படிக் காட்டுகிறான் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டே உன்னோடு சிரித்துப் பேசினேன்.

வியாழக்கிழமை உன் ஸ்டாண்டை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். நாராயணப்பா கோயில் படியிலேயே நின்றிருந்தார். "தனியா வந்திருக்க?" என்றார். நீ போய்விட்டதைச் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். வேறு எப்போது சொல்வது? அங்கேயே சொன்னேன்: "அன்னைக்கு நான் எடுத்தது பாட்டுக்கு இல்லங்க."

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்பா. அடுத்த வாரம் ஆல்பத்துக்கு போட்டோ காட்ட வந்தப்பவே உன் ஆளு சொல்லிட்டான். சத்தியம் பண்ணும்போது உன் மொகத்தப் பாத்தானாம், அப்பதான் புரிஞ்சுதாம். 'அவன் எடுத்தது நெசம், ஆனா குடுக்கமாட்டான், குடுத்தா என் ஸ்டுடியோவ வந்து பூட்டிக்குங்க'ன்னான். நாங்க வருசம் பூரா பாத்துட்டுதான் இருந்தம். நெலம் கேட்டு யாரும் வரல."

"பின்ன ஏங்க, அதுக்கப்புறம் என்னை ஸ்டாண்டத் தொடவே விடல?" என்று அவரிடம் போய்க் கேட்டேன், பைத்தியக்காரன் மாதிரி.

நாராயணப்பா சிரித்துவிட்டார். "அதயும் நான் கேட்டன். 'அவன் தூக்குனா சர்வேயர் மாதிரியே இருக்குது, எந்த ஊர்லயாவது வெட்டிப்போட்டுருவாங்க, அதான் நானே தூக்கறன்'னு சொன்னான்."

உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பிள்ளை அழுதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு காது குத்தை எடுத்தேன்; கொஞ்சம் ஆடியிருக்கிறது, நீ பார்த்தால் திட்டுவாய். முடிந்ததும் ஸ்டாண்டை மடக்கி, தலை கீழே தொங்க, நீ எனக்காக நீட்டித் தைத்த பட்டை மாரில் குறுக்கே வர மாட்டிக்கொண்டு, அந்த வரப்பு வழியாகவே பஸ்ஸுக்கு நடந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். தோள் வலிக்கவில்லை.

கார்டை மூன்றாம் நாளே உடைத்துவிட்டேன்டா. நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும்.