நம் வீட்டுப் பின்சுவர்

அன்பு மகள் செங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. கல்மண்டபத்தில் நானும் அம்மாவும் நலம், அவளுடைய முழங்கால் மட்டும்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், இருக்கிற ஒரே போனும் அம்மா கையை விட்டு இறங்குவதில்லை, இந்த ஒன்றரை அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவள் காதில் விழுகிறது, அதனால்தான் தபால்.

தை மாதம் ஒரேயடியாகத் திரும்பி வருகிறோம், அதற்குள் மாடியில் ஓர் அறை எழுப்பி வையுங்கள் என்றாயே, அது நடக்காது கண்ணு. அம்மா போனில் சொன்னது பாதிதான், நம் வீட்டுப் பின்சுவர் பழைய பட்டணத்தின் மதிலாம், தொல்லியல்காரர்கள் ஒரு மாதமாகத் தோண்டுகிறார்கள். வெளியே அகழி இருந்ததா என்று பார்க்க நம் வாசலிலேயே ஆள் உயரத்துக்குக் குழி, மேலே ஒரு பலகை. அதில் கால் வைக்கப் பயந்து அம்மா இருபது நாளாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், மீன்கூட நான்தான் வாங்குகிறேன், அதற்கும் திட்டு. ஓர் ஆணி அடிக்கக்கூடாது, செங்கல்லை நகர்த்தக்கூடாது என்று கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. அங்கே வேலை செய்கிற மோகனப்ரியா நல்ல பெண், குதிரைப்படை நுழையாமலிருக்க எழுப்பிய மதில் ஐயா, உங்கள் வீடு அதற்கு வெளிப்பக்கம் என்று விளக்கினாள். வெளிப்பக்கம் இருந்து என்ன பயன், வெளியே போகத்தான் முடியவில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர்களை வரவழைத்தது நான்தான். பட்டா முகாமில் மனு கொடுத்தேன் அல்லவா, ஹார்பர் யூனியனில் முப்பது வருடம் மனு எழுதிய கை, ஆதாரம் வைக்காமல் விடுமா. நாலு தலைமுறையாக இருக்கிறோம் என்று காட்டப் பின்சுவரின் பூச்சை நானே கொத்தி எடுத்து, உள்ளே தெரிந்த பழைய செங்கல்லைப் படம் பிடித்து, வெள்ளைக்காரன் காலத்துச் சுவர் என்று எழுதி இணைத்தேன். சுவர் பழசென்றால் நம் குடியிருப்பும் பழசென்று ஒத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பட்டா வரவில்லை, இவர்கள்தான் வந்தார்கள்.

அம்மாவுக்கு இது தெரியாது. சோறு போடும்போதெல்லாம், எந்தக் கம்னாட்டி போயி சொல்லிக் குட்தானோ, அவன் வூடு வெளங்குமா என்று சபிக்கிறாள். விளங்காது, விளங்காது என்று நானும் கூடவே சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ கோபப்படு, ஆனால் வராமல் இருந்துவிடாதே. நீங்கள் மூவரும் அறையில் படுங்கள், நாங்கள் அடுப்படியில் மதிலை ஒட்டிப் படுத்துக்கொள்கிறோம்.

பேத்திக்கு என் முத்தம், மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. போன வாரம் ஸ்பீக்கரில் அம்மாவோடு சேர்ந்து நீயும் அந்த ஆளைத் திட்டினாய், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை அவள் திட்டும்போது நீ மட்டும் பேசாமல் இரு. கடிதம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோதண்டம்