வராமல் போன அக்காவின் மொட்டை

என் சுருட்டைக்கு,

இந்தப் பெயரை எழுதலாமா கூடாதா என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னை வேறு பெயரில் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆகவே சுருட்டைக்கே எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, வாய்ப்புண் ஆறியதா, உன் வீட்டுக்காரர் சமைப்பதைக் குறை சொல்லாமல் விழுங்குகிறாயா என்றெல்லாம் போனில் கேட்டிருப்பேன். நான்கு மாதமாக நான் கூப்பிட்டால் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். நீ தூங்குவதாகச் சொல்கிறார். காலை பதினோரு மணிக்கும் தூக்கம், மாலை ஐந்துக்கும் தூக்கம். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒருமுறை நீ பின்னாலிருந்து தண்ணீர் கேட்டது எனக்கே கேட்டது.

இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஜெராக்ஸ் கடை மாடியில் அதே அறைதான். குழாய் இன்னும் சொட்டுகிறது. அந்தச் சத்தமாவது இருக்கட்டும் என்று ஆள் வைத்துச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறேன். பார்லரில் வழக்கம்போல மூன்று நாற்காலி, இரண்டு ஆள். முதலாளியம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டது. உட்கார்ந்தபடியே எங்களை விரட்டுகிறார். என் முடி இரண்டு விரல் அகலத்துக்கு வளர்ந்திருக்கிறது. காதோரம் இரண்டு பக்கமும் நரை. சாயம் போட்டுப் போட்டு எனக்கே மறந்துபோன நரை. நீ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். அதற்காகவே சாயம் போடாமல் வைத்திருக்கிறேன்.

மொட்டையால் நான் இங்கே பெரிய ஆளாகிவிட்டது உனக்குத் தெரியாது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் முதலாளியம்மா, "முடி வெட்டுறவளே மொட்டையா நின்னா நம்ம கடைக்கு எவ வருவா?" என்று கேட்டார். புற்றுநோய் வந்த தங்கைக்காக என்று சொன்னதும் என் தலையைத் தடவிக்கொடுத்தார். மறுநாளே என் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தோழிக்காக, ஒருத்தி மாமியாருக்காக, இன்னொருத்தி ஆபீஸில் பக்கத்து மேசைக்காரிக்காக. முடியை விக் செய்கிறவர்களுக்கு அனுப்பினோம். பதினோரு பேருக்கும் நான்தான் முடி எடுத்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. என்னைப் போல ஓர் அக்கா கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

போன வாரம் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வேண்டாம் என்றேன். தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். எத்தனை தடவை மருந்து ஏறியது என்று கேட்டாள். எனக்கு நோய் இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உன்னைப் போன்றவர்களுக்குச் சேர வேண்டிய இடத்தில் எட்டு நிறுத்தம் உட்கார்ந்து வந்தேன். அவளுக்கும் வந்து குணமானதாம். வாய்ப்புண்ணுக்கு ஐஸ்கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு, யார் முடி எடுத்துவிட்டார்கள் என்று கேட்டாள். நானேதான் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "கூட யாருமே இல்லையாம்மா?" என்றாள். இறங்கும்வரை என் கையை விடவில்லை.

இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. உன்னிடம் யாராவது இதையே கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்?

இப்போது உண்மையை எழுதிவிடுகிறேன். முடி தலையணை முழுக்கக் கொட்டுகிறது, நீ வந்து எடுத்துவிடு அக்கா, வேறு யார் கையும் எனக்கு வேண்டாம் என்று நீ போன் செய்தாய். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன் என்றேன். அப்புறம், டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். டிக்கெட் கிடைத்தது. என் கைப்பையில் இன்னும் இருக்கிறது. பெட்டியும் கையுமாக ஸ்டேஷனுக்கும் போனேன். பெட்டிக்குள் மெஷின், கத்தி, பஞ்சு, உனக்குப் போர்த்த அந்த நீலத் துண்டு எல்லாம் இருந்தது. ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

அம்மா காலை ஷிப்டுக்குப் போனதும் உன் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்தவள் நான். நுனியிலிருந்து மேலே போக வேண்டும், வேரை இடது கையால் அழுத்திக்கொண்டால் வலிக்காது என்று கண்டுபிடித்ததே உன் தலையில்தான். முதல் தடவை உனக்கு முன்முடி வெட்டியபோது கோணல்மாணலாகி, நீ ஒரு வாரம் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனாய். யார் வெட்டினது என்று டீச்சர் கேட்டும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தலையில் மெஷினை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பயந்துவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். மதியம், யாரும் இல்லை. மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து என் முடியை எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. சிரித்தபடி படம் எடுத்து, நானும் உன்னோடு இருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். "நல்லா இருக்குக்கா" என்று பதில் போட்டாய். அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக் குளியலறையில், கவிழ்த்த வாளியில் உட்கார வைத்து, ஒரு நர்ஸ் எடுத்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அவசரத்தில் காதுக்குப் பின்னால் கீறிவிட்டதாம். நீ அழவில்லையாம். அவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டாயாம். நேற்று கடைக்கதவில் இருந்த என் படத்தைச் சுரண்டி எடுத்தேன். ஒரு காது மட்டும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

அடுத்த சுற்று மருந்து பதினான்காம் தேதி தொடங்குகிறது என்று மாப்பிள்ளைதான் சொன்னார். இந்த முறை மருந்து கடுமையாக இருக்குமாம், முளைத்திருப்பதெல்லாம் மறுபடி கொட்டிவிடுமாம். முளைத்தது சுருட்டையா நேராக இருக்கிறதா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார், சொல்லவில்லை. பன்னிரண்டாம் தேதி காலை நான் வருகிறேன். முதலாளியம்மா இரண்டு மாதம் லீவு கொடுத்திருக்கிறார். கொடுக்காவிட்டாலும் வந்திருப்பேன். நீ கதவைத் திறக்காவிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன், பசித்தால் மட்டும் தட்டுவேன். நான்கு மாதத்துக்கும் சேர்த்து வைத்துத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே. இந்த அறையில் உன் குரல் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் கை நடுங்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுங்கினால் நிறுத்திவிட்டு, நீ சரி என்ற பிறகு எடுக்கிறேன். மாப்பிள்ளையையும் உள்ளேயே இருக்கச் சொல்வோம்.

நீ நல்லபடியாக எழுந்து வருவாய், என் கண்ணே. நான் வந்து சேரும்வரை உன் தலையில் வேறு யாரையும் கை வைக்க விடாதே.

இந்த முறை ரயிலில் ஏறப்போகிற
உன் அக்கா