பச்சைத் தொப்பியும் அவசரப்பட்ட பீரங்கியும்

அனுப்புநர்:
ஆர்லோ பெடர்சன் (வயது 27),
முதலாம் ஆண்டு மாணவர்,
உடற்பயிற்சிக் கூடம், கட்டில் எண் 31,
டன்மோர் கல்லூரி, அயோவா.

பெறுநர்:
மாணவர் நலத் தலைவர் அவர்கள்
(மரபுக் குழுவின் தலைவரும் தாங்களே),
டன்மோர் கல்லூரி, அயோவா.

பொருள்: வரும் டிசம்பர் 21, சனிக்கிழமை, என் திருமணத்தின்போது ஒரு மணி நேரம் மட்டும் பச்சைத் தொப்பியைக் கழற்ற அனுமதி கோருதல், அதற்குக் காரணமான பீரங்கி பற்றிய புகார்.

பார்வை: கோல் கம்பங்களில் குழந்தைத் துணி உலர்த்தக் கூடாது என்ற தங்கள் சுற்றறிக்கை. (அந்தத் துணிகள் என்னுடையவை அல்ல. எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை. அதற்குத்தான் இந்த மனு.)

மதிப்பிற்குரிய ஐயா,

போர் முடிந்து திரும்பி, அரசாங்கச் சலுகையில் தங்கள் கல்லூரியில் சேர்ந்தவன் நான். பந்தைக் கையில் ஏந்தி எல்லைக் கோட்டைத் தாண்டும் நம் அமெரிக்கக் கால்பந்து அணியில் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன். எனக்குப் புகார் எழுதிப் பழக்கமில்லை. படையில் நாற்பது பேருக்கு சார்ஜெண்டாக இருந்தபோது, வந்த புகார்களைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்ட பழக்கம்தான் உண்டு. இந்த மனுவுக்கு அந்தக் கதி நேராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

1. முதலாண்டு மாணவர்கள் அனைவரும் பச்சைத் தொப்பி அணிய வேண்டும். நம் அணி ஆஷ்பி கல்லூரியை வென்றால் அன்றே கழற்றி எரிக்கலாம், தோற்றால் மே மாதக் கடைசிவரை அணிய வேண்டும் என்பது நம் மரபு. மரபை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உச்சியில் ஒரு பொத்தான் வைத்த அந்தத் தொப்பி பாதி ஆரஞ்சுப் பழம் அளவே உள்ளது. என் தலையில் முடி குறைவு என்பதால் அது நிற்பதும் இல்லை. எனக்கு நிச்சயிக்கப்பட்டுள்ள செல்வி வில்மா விட்லாக் கொடுத்த இரண்டு கொண்டை ஊசிகளால் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயது இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னை நூலக வாசலில் நிறுத்தி, "பொத்தானைத் தொட்டு சலாம் போடுப்பா" என்கிறார். போடுகிறேன். இத்தாலியில் ஒரு தளபதிக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காக சலாம் போட்டதில்லை.

2. இந்த ஆண்டு எங்கள் ஆட்டத்தைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். எட்டு ஆட்டங்களில் முதல் ஏழும் தோல்வி. அணியின் சராசரி வயது இருபத்தாறு. பாதிப் பேருக்கு மனைவி மக்கள் உண்டு. அவர்கள் மைதானத்தை ஒட்டிய தகரக் குடில்களில் வசிக்கிறார்கள். துணி உலர்த்த அவர்களுக்கு வேறு கம்பம் கிடையாது. பயிற்சியாளர் எங்களைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னபோது ஒருவர், "பிரான்ஸ் பூரா ஓடித் தீத்துட்டோம் சார், பந்தைக் குடுங்க" என்று சொன்னது உண்மைதான். அதற்காக நாங்கள் சோம்பேறிகள் என்று பொருளல்ல. களைத்தவர்கள், அவ்வளவுதான்.

3. சொந்த மைதானத்தில் அதுவரை நாங்கள் ஒரு புள்ளியும் எடுத்திருக்கவில்லை. எனவே, நம் அணி எல்லைக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் முழங்க வேண்டிய பழைய பீரங்கியும் முழங்கவில்லை. அதை வெடிக்கச் செய்யும் உரிமை 1909ஆம் ஆண்டு பட்டதாரியும் விதைச்சோள வியாபாரியுமான திரு. ஹோரேஸ் விட்லாக் அவர்களுக்கு உரியது. அவர் வில்மாவின் தந்தை. ஆகவே இனி வரும் வரிகளை மிகுந்த மரியாதையுடன் எழுதுகிறேன்.

4. நவம்பர் 23, ஆஷ்பியுடன் கடைசி ஆட்டம். முதல் பாதியில் ஆச்சரியமாக நாங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டினோம். திரு. விட்லாக் திரியைக் கொளுத்தினார். மருந்து நமுத்துப் போயிருந்ததால் பீரங்கி புஸ்ஸென்று மூச்சு விட்டு அடங்கியது. ஆஷ்பிக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், "பெரியவரே, அதுக்குக் கொஞ்சம் கசாயம் குடுங்க" என்று கத்தினார். திரு. விட்லாக் அவர்களின் காது சிவந்ததை நான் மைதானத்திலிருந்தே பார்த்தேன். அடுத்த முறைக்கு அவர் இரண்டு பங்கு மருந்து இட்டார்.

5. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். நாங்கள் ஏழு, அவர்கள் ஆறு. பந்து எங்களிடம்; எல்லைக் கோட்டுக்கு இரண்டு கெஜம். எனக்கு எதிரே எமில் கோலார் என்ற ஆஷ்பி ஆட்டக்காரர். பன்றிப் பண்ணைக்காரர் மகன், எடை இருநூற்று நாற்பது பவுண்டு. மாலை முழுக்க என் விரல்களை மிதித்துக்கொண்டு, "என்ன பாப்பா, பச்சைத் தொப்பிய அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதிலுக்கு நான் அவர் முழங்காலைக் கடித்ததை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஆள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாய்ந்தார். அவர் கோட்டைத் தொடும் முன்பே, தொட்டுவிட்டார் என்று எண்ணி, திரு. விட்லாக் பீரங்கியை வெடிக்கச் செய்தார்.

6. அதன்பின் நடந்தது: மைதானத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் இருபது பேர் குப்புற விழுந்தோம். இரு அணியும்தான். பந்தை வைத்திருந்தவர் அதை எறிந்துவிட்டு விழுந்தார். முந்தைய போரில் இருந்தவரான நடுவரும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு என் மூக்கருகே விழுந்தார். எங்கள் அணியின் ஒரே கடற்படை வீரர் மட்டும் நின்றார். அவரும் தீயணைக்கும் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு பீரங்கியை நோக்கி ஓடிவிட்டார். மிஞ்சியவர் ஆஷ்பியின் பதினெட்டு வயது ஆட்டக்காரர். போருக்குப் போகும் வயது வருவதற்குள் போர் முடிந்துவிட்ட பாக்கியசாலி. அவர் பந்தை எடுத்துக்கொண்டு, யாரும் துரத்தாத நிலையில் மைதானம் முழுவதும் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓடி எங்கள் கோட்டைக் கடந்தார். அதற்கு ஆறு புள்ளி; பன்னிரண்டுக்கு ஏழு. தோற்றோம். நடுவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்ன தீர்ப்பு: "படுக்கக் கூடாதுன்னு விதிப்புத்தகத்துல எங்கயும் இல்லப்பா."

7. இப்போது திரு. விட்லாக், பீரங்கிக்கு முன்பே நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்றும், எனவே ஆஷ்பியின் கடைசிப் புள்ளிகள் செல்லாது என்றும் தங்களிடம் ஆட்சேபம் தந்துள்ளார். அது செல்லுபடியானால் நாங்கள் வென்றவர்கள். தொப்பிகள் அன்றே சாம்பல். நடுவருக்கு மிக அருகில் இருந்தவன் என்பதால் என் கையெழுத்தைக் கேட்கிறார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "விசில் சத்தம் கேட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. இல்லேன்னா தொப்பியோடதான் சர்ச்சுக்குள்ள வரணும். ஆயிரத்துத் தொளாயிரத்து அஞ்சுல நான் எங்கப்பா சாவுக்கே அதைப் போட்டுக்கிட்டுதான் நின்னேன்." இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கியது. அவர் கெட்டவர் அல்ல, ஐயா.

8. வில்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது: "பச்சைத் தொப்பியோட நிக்கற ஆளை நான் கட்டிக்க மாட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்ட ஆளையும் கட்டிக்க மாட்டேன். நடுவுல ஒரு வழி கண்டுபிடி ஆர்லோ, உனக்குப் பன்னெண்டு நாள் இருக்கு." அந்த நடு வழிதான் இந்த மனு.

9. நான் விசில் சத்தம் கேட்கவில்லை. விசில் நடுவரின் வாயிலேயே இல்லை. என் கண்ணெதிரே சேற்றில் புதைந்து கிடந்தது. நான் கேட்டது வேறு. வெடித்த கணத்தில் எமில் கோலார் என்மேல் பாய்ந்து படுத்தார். ஆட்டத்துக்காக அல்ல. என் பிடரியில் கையை வைத்து அழுத்தி, "தலைய தூக்காத, தலைய தூக்காதடா தம்பி, நான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாலாயிரம் பேர் அமர்ந்திருந்த மைதானத்தில் ஓர் இருமல் சத்தம்கூட இல்லை. பிறகு அவர் மெல்லத் தலையைத் தூக்கி, "யாருக்காச்சும் அடிபட்டுதா?" என்று கேட்டார். நான் அழுதேன், ஐயா. கண்ணில் சேறு என்று பிறரிடம் சொன்னேன். தங்களிடம் உண்மையைச் சொல்கிறேன்.

10. தெரியாத ஒருவனுக்காகக் குண்டுக்கு முன் தன் முதுகைக் கவசமாக்கியவர், அந்த நேரத்தில் குண்டு இல்லை என்பதை அறிந்திருக்கவில்லை. அந்தக் கணத்தை, விசில் ஊதியபின் நடந்த செல்லாத கணம் என்று என்னால் எழுதித் தர முடியாது.

ஆகவே தாங்கள் திரு. விட்லாக் அவர்களின் ஆட்சேபத்தை மேலே அனுப்பாமல், எங்கள் தோல்வியை எங்களுக்கே விட்டுவைக்குமாறும், அடுத்த ஆண்டு முதல் பீரங்கிக்குப் பதிலாக ஒரு நல்ல மணியைத் தொங்கவிட்டு, அதை அடிக்கும் உரிமையைத் திரு. விட்லாக் அவர்களுக்கே வழங்குமாறும், 21ஆம் தேதி பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை என் தலைக்கு விடுதலை தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். பன்னிரண்டு அடித்ததும் தொப்பியை மீண்டும் அணிந்து, மே மாதக் கடைசிவரை பொத்தானைத் தொட்டு சலாம் போடுவேன்.

அனுமதி மறுக்கப்பட்டால் தொப்பியுடனே நிற்பேன். என் மாப்பிள்ளைத் தோழனாக எமில் கோலார் வருகிறார். இதைக் கேள்விப்பட்டு, "அப்படின்னா எனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லு" என்று எழுதியிருக்கிறார். அவர் தலை அளவுக்குத் தொப்பி தைக்க இந்த ஊரில் யாரும் முன்வரவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த வில்மா, அன்று என் தொப்பி நழுவாதிருக்க மூன்று கொண்டை ஊசிகளைக் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறார்.

இடம்: டன்மோர்
நாள்: 9 டிசம்பர் 1946

தங்கள் பதிலுக்குத் தொப்பியுடன் காத்திருக்கும்,
ஆர்லோ பெடர்சன்

சாட்சி:
எமில் கோலார், ஆஷ்பி கல்லூரி.
(சம்பவ நேரத்தில் மனுதாரரின் மேல் இருந்தவர்.)