பச்சைப் பட்டை ஏறுகிறது

மார்ச் 4, திங்கள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இன்றுமுதல் எங்கள் எல்லோருக்கும் மூளைப் பயிற்சி. போன வருஷம் மூச்சுப் பயிற்சி. அதற்கு முந்தின வருஷம் போனில் புன்னகைக்கும் பயிற்சி. ஆள் பத்தவில்லை, அழைப்பு குவிகிறது என்று நாங்கள் கத்தினால் ஆள் போட மாட்டார்கள். இருக்கிற மண்டையைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு திரை. ஒருவர் தலையில் பசை தடவி, நெற்றியிலும் காதுக்கு மேலேயும் கம்பி ஒட்டுகிறார். திரையில் ஒரு பச்சைப் பட்டை. மனசு ஒரு இடத்தில் நின்றால் மூளை அலை கூடிப் பட்டை ஏறுமாம், அலைந்தால் இறங்குமாம். “எப்படிங்க ஏத்துறது?” என்று கேட்டேன். “அதை உங்க மூளையே கண்டுபிடிச்சுக்கும்” என்றார். நல்ல வாத்தியார்!

பக்கத்து மேசைக்காரி தலையெல்லாம் பசையோடு வந்து நின்றாள். அவள் குரலுக்காக நாங்கள் வைத்த பேர் வெண்கலம். “ஏண்டி, எனக்கு மூளை இருக்குன்னு மெஷினே ஒத்துக்கிச்சு. இனிமே நீ வாயைத் திறக்கக் கூடாது” என்றாள். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் போன் அடித்துவிட்டது.

மார்ச் 7, வியாழன்

பட்டை அசையவில்லை. தலைக்குக் குளித்தும் பசை போகவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

ஏறிடுச்சு! கண்ணை இடுக்கிக்கொண்டு, ஏறு, ஏறித் தொலை என்று மனசுக்குள் அதட்டினேன். கிடுகிடுவென்று மேலே போனது. பசைக்காரரே எழுந்து வந்து பார்த்தார்.

வெண்கலத்தின் பட்டை தரையோடு தரை. “அந்த நாற்காலியில சாஞ்சா எனக்குத் தூக்கம்தான்டி வருது. வீட்ல கூட இப்படி ஒரு நிம்மதி இல்ல” என்கிறாள்.

ஏப்ரல் 3, புதன்

என் வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். “எல்லாரும் இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க” என்று சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, வீட்டில் நடுப்பிள்ளை. யார் என்னை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்? சாயங்காலம் வீட்டில் இவரிடம் சொன்னேன். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடினதிலிருந்து எதற்கும் வாய் திறக்காத மனுஷன், “பரவாயில்லையே” என்றார்.

பொய்யில்லை, மனசு தெளிவாகத்தான் இருக்கிறது. எதிர்முனையில் பதறுகிறவர்கள் முதல் வார்த்தை சொல்லும்போதே எனக்குப் பிடிபடுகிறது. தாடை மட்டும் விண்விண்ணென்று வலிக்கிறது. வயசாகிறதே.

ஏப்ரல் 12, வெள்ளி

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பட்டை ஏறாதவர்களை அவசர அழைப்பில் வைக்க முடியாதாம். வெண்கலத்தின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்களாம். அவள் மேசைக்கு வேறு ஆள் இல்லை. நான்தான். கவனம் கூடினவளுக்கு இரண்டு மேசை!

யாரை அனுப்புகிறார்கள்? அப்பா எழுந்திருக்கவில்லை என்று அழுத சின்னப் பெண்ணைப் பேச்சிலேயே கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி நடத்தி, ஸ்டூலை இழுத்துப் போட வைத்து, தாழ்ப்பாளைத் திறக்க வைத்தவள். அன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னால் அது முடிந்திருக்காது.

கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டே, “எங்கம்மா என்னை நம்பித்தானேடி இருக்கு” என்றாள்.

ஏப்ரல் 26, வெள்ளி

கடைவாய்ப்பல் பிளந்துவிட்டது. “ராத்திரி பல்லை நறநறன்னு கடிப்பீங்களா?” என்று பல் டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், “இல்லீங்க டாக்டர், குறட்டை மட்டும்தான்” என்றார். பேசாத மனுஷன் பேசுகிற இடத்தைப் பாருங்கள்.

மே 2, வியாழன்

நேத்து பல்லைப் பிடுங்கினாங்க. வாயை மூடினா உயிர் போகுது. பாதி வாய் திறந்தபடியே போய்ப் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். பட்டை தரையில. அதட்டினேன், கெஞ்சினேன். ஊஹும்.

பசைக்காரர் கம்பியெல்லாம் சரிபார்த்தார். என் கன்னத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, “நல்ல பக்கம் இருக்குல்ல, அந்தப் பக்கமா லேசா பல்லைக் கடிங்க” என்றார்.

கடிச்சேன். பட்டை உச்சிக்குப் போயிடுச்சு.

அவ்வளவுதான். இத்தனை நாளும் ஏறினது என் மூளை இல்ல, தாடை! கடிக்கும்போது காதுக்கு மேல தசை இறுகுதாம். அதையும் சேர்த்துத்தான் கம்பி பிடிக்குதாம். “அதை வடிகட்டிடும்னு சொல்லித்தான் மெஷினைக் குடுத்தாங்க” என்று தலையைச் சொறிகிறார். சரி, எனக்கு மனசு தெளிவா இருந்துச்சே, அது? “ஆராய்ச்சியில பாதிப் பேருக்கு வேற ஒருத்தரோட பட்டையைக் காட்டுவாங்க. அவங்களுக்குத் தெரியாது. அவங்களும் தெளிவா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நல்லா இருக்கிற ஆளுங்களுக்கு இதுனால வேலையில எதுவும் கூடுதான்னு இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல.” இதை முதல் நாளே சொல்லியிருந்தா என்ன? கேட்டேன். “யாரும் கேக்கலையே” என்கிறார்.

என் பட்டை ஏறினதைப் பாத்துத்தானே இந்த மெஷினை நம்பினாங்க. அவ வேலை போனது என் தாடையால.

மே 3, வெள்ளி

வெண்கலத்திடம் சொன்னேன். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, “வாடி” என்று என் கையைப் பிடித்து நேராகச் சூப்பர்வைசர் அறைக்கு இழுத்துப் போனாள்.

அவர் முழுசாகக் கேட்டார். மே 9 மறுசோதனை. தலைமை அலுவலகத்திலிருந்தும் ஆள் வருவார். தாடையைத் தளர்த்தி உட்கார்ந்து என் பட்டையும் இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிடலாம், வெண்கலத்தின் நாற்காலி தப்பும். அவள் வெளியே போனதும் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். “உங்க ஒப்பந்தத்தையும் இந்தப் பட்டையப் பாத்துத்தான் நீட்டிச்சிருக்கு. தெரியும்ல?”

தெரியும். இப்போது நன்றாகத் தெரியும்.

மே 8, புதன்

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், “உன் இஷ்டம்” என்பார். என் இஷ்டம் என்ன என்று எனக்குத் தெரிந்தால்தானே.

இல்லை, தெரியும். வாயைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்காரப் போகிறேன். அவ்வளவுதான்.

மே 9, வியாழன்

கடிச்சுட்டேன்.

அவ முதல்ல உட்கார்ந்தா. தரையோடு தரை. எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிச்சா. அடுத்தது நான். வாயைத் தளர்த்தித்தான் உட்கார்ந்தேன், சத்தியமா. பட்டை கீழே கிடந்தது. தலைமை அலுவலகத்துக்காரர் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். வேலையில்லாம, இவர் மாதிரி, நானும் வீட்ல உட்கார்ந்திருக்கிறது கண்ணுக்குள்ள வந்துச்சு. பல் தானா சேர்ந்துச்சு. தானாவா? இல்ல. நான்தான் கடிச்சேன். ஏறினப்ப சந்தோஷமாக் கூட இருந்துச்சு. சீ.

கை தட்டினாங்க. பசைக்காரர் தரையைப் பார்த்துக்கிட்டே கம்பியைக் கழட்டினார். அவருக்கும் வேலை வேணுமே. வெண்கலம் பக்கவாட்டுல நின்னு என் கன்னத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருக்கலாம். நேராப் போய்த் தன் மேசையில உட்கார்ந்து போனை எடுத்தா.

மே 31, வெள்ளி

வெண்கலத்துக்குக் கடைசி நாள். நான் லீவு போட்டுவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மதியம் என் மேசையில் ஒரு ஆள், லாரி ஏறின கால். கத்திக்கொண்டே இருக்கிறான், இடம் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மேசைப் போன் அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. இருப்பது ஒரு காது, ஒரு வாய். ஒருவழியாக இடத்தைக் கேட்டு வாங்கி, இவனுக்கு வண்டி அனுப்பிவிட்டுத் தாவி எடுத்தேன்.

எதிர்முனையில் விலாசம், தெரு அடையாளம், எத்தனாவது மாடி, நோயாளிக்கு என்ன வயது, மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறேன், கதவு திறந்திருக்கிறது. நான் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

“அடியே, நான்தான்டி... அம்மாவுக்கா?”

“தெரியுது. வண்டியை அனுப்புங்க.”

அனுப்பினேன். லைனிலேயே இருந்தேன். அவள் அழுத்துகிற எண்ணிக்கை மட்டும் கேட்டது. மூச்சிரைக்க எண்ணினாள், ஒரு இடத்திலும் விடவில்லை. நானும் கூடவே சத்தமாக எண்ணினேன். வண்டிக்காரர்கள் உள்ளே வந்த சத்தம் கேட்டது. போனை வைக்கும் முன்னால், “ரொம்ப நேரமா அடிச்சுது” என்றாள். கோபமாக இல்லை. சும்மா சொன்னாள்.

ஜூன் 19, புதன்

அம்மா போயிட்டாங்களாம்.

முன்னாலேயே எடுத்திருந்தா? வண்டிக்காரரைக் கேட்டேன். “அதெல்லாம் யாராலங்க சொல்ல முடியும்?” என்றார். யாராலும் சொல்ல முடியாதுதான். நான் அந்த நாற்காலியில இல்லாம அவ இருந்திருந்தா— அவ இருந்திருந்தா அவ அம்மாகிட்ட யார் இருந்திருப்பா? இப்படியே சுத்திச் சுத்தி வருது. இவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை.

ஜூன் 20, வியாழன்

மதியம் எடுக்கிறார்களாம். வேலையில் எல்லோருக்கும் போக வேண்டும். அவளைப் பிடிக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? அறையைக் காலியாக விட முடியாதே என்று சூப்பர்வைசர் கையைப் பிசைந்தார். நீங்கள்தான் அவளுக்கு நெருக்கம், நீங்கள் கண்டிப்பாகப் போகணும், வேறு யாராவது இருக்கட்டும் என்றார்கள் எல்லோரும்.

“இல்ல, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இருக்கேன்” என்றேன்.

“இந்த மனசு யாருக்கு வரும்?” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.