கண்மாய்க் கோயிலிலிருந்து ஒரு கல்

மே 3, 1938. செவ்வாய்

கத்திரி நாளைக்குத்தான் ஆரம்பம் என்கிறது பஞ்சாங்கம். வெயிலுக்கு அது தெரியவில்லை. பள்ளிக்கூட விடுமுறை வேறு. மத்தியானம்வரை விசிறியும் கையுமாகக் கிடந்தேன். பழங்காநத்தம் தெருவில் ஒரு குஞ்சு குளுவான் நடமாட்டம் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் வாசித்த அறிவிப்பு மனசை விட்டுப் போகவில்லை. சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் பாழாய்க் கிடக்கிற கண்மாய்க் கோயில், எங்கள் பழைய வேதக்கோயில். கரையை உயர்த்துகிறார்களாம். அடுத்த மழைக்குக் கோயில், பள்ளிக்கூடம், கல்லறைகள் எல்லாம் தண்ணீருக்குள். சொந்தக்காரர்கள் கல்லைப் பெயர்த்து வந்து டவுன் கல்லறைத் தோட்டத்தில் நட்டுக்கொள்ளலாம். இந்த மாதத்துக்குள்.

எஸ்தர் அங்கேதான் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷம். காய்ச்சல் அந்த ஊரையே காலி செய்த வருஷம் அது. முதலில் போனவர்களில் என் எஸ்தரும் ஒருத்தி.

மரகதத்தை இரண்டாந்தாரமாகக் கட்டி ஆறு வருஷம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

மே 5, வியாழன்

கல்தச்சர் வீரணனுக்கு ஆள் சொல்லி அனுப்பியாயிற்று. சனிக்கிழமை சோழவந்தானிலிருந்து மாட்டுவண்டியோடு நேரே அங்கே வந்துவிடுவார். நமக்குக் கரீம் பாயின் வாடகைக் கார்.

எடுத்துப்போக வேண்டியவை: சாக்கு 4. வடக்கயிறு. தண்ணீர்க் கூஜா. குடை. தலைவலித் தைலம்.

மரகதம் அடுப்படியிலிருந்து: “நானும் வாரேன்.”

வெயில் என்றேன். ரோடு மோசம் என்றேன். பாம்பு கிடக்கும் என்றேன்.

“பாம்பு உங்களைக் கடிக்காதா? என்னை மட்டும் தேடி வந்து கடிக்குமா? அக்கா கல்லை எடுக்கப் போறீக. நான் வீட்டுல உக்காந்து அரிசி பொடைக்கவா?”

எஸ்தரை அக்கா என்றுதான் சொல்வாள். பார்த்ததே இல்லை. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான்.

இதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்தக் கல்லில் எஸ்தர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. பிறந்த வருஷத்தோடு. சாகிற வருஷத்துக்கு இடம் விட்டு. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இனி வாழ்க்கையே இல்லை என்று நினைத்த கிறுக்கு. “உசுரோட இருக்கிறவன் பேரைக் கல்லுல வெட்டாதே தம்பி” என்று அன்றிருந்த பாதிரி ஐயர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். கேட்டேனா?

மரகதத்துக்குத் தெரியாது. தெரியவே கூடாது. பாசி பிடித்து எழுத்து மறைந்திருக்கலாம். ஆண்டவரே, பாசி பிடித்திருக்கட்டும்.

மே 7, சனி. சாயங்காலம்

போய்வந்தாயிற்று. உடம்பெல்லாம் புழுதி. எழுதிவிட்டுத்தான் குளிக்க வேண்டும்.

காலை ஆறுக்குக் கிளம்பினோம். காரின் பின்கதவு கயிற்றில் நிற்கிறது. கரீம் பாய்: “அண்ணே, கதவை இழுத்துப் பிடிச்சுக்கங்க. அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.” சமயநல்லூர் தாண்டி ஒரு பங்சர். வைகையில் மணல்தான், நடுவே நூலாகத் தண்ணீர். சோழவந்தானுக்கு முன்னால் கொடிக்கால்கள். வெற்றிலை வாசம் காருக்குள் வந்தது. மரகதம் தலையை வெளியே நீட்டி, “இம்புட்டு வெயில்லயும் இங்கன மட்டும் குளுகுளுன்னு கெடக்கு பாருங்க” என்றாள். மடியில் ஈரத்துணிக்குள் இரண்டு முழம் மல்லி. அக்காவுக்காம்.

கண்மாய்க்கரையில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். கோயிலுக்குக் கூரை இல்லை. மணி தொங்கின வளைவு மட்டும் நிற்கிறது. பீடம் இருந்த இடத்தில் அரசமரம் முளைத்து ஆள் உயரத்துக்கு. உபாத்தியாயர் வீடுகள் மூன்றில் நடுவீடு எங்களுடையது. சுவர் இரண்டு பாக்கி. அடுப்பு மாடத்தில் கரி அப்படியே இருந்தது. பன்னிரண்டு வருஷ மழைக்கும் போகாத கரி. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. வேட்டியில் துடைக்க மனசு வரவில்லை.

பள்ளிக்கூடத்துப் படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. நாரை இரண்டு. எஸ்தர் சின்ன வகுப்பு டீச்சர். நாலு மணிக்கு மேல் சிலேட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அந்தப் படியில் உட்கார்ந்துதான் கழுவுவாள். கால் இரண்டும் தண்ணீருக்குள். தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுக்கும். “சாப்பாடு ஆயிருச்சா?” என்று நான் கத்துவேன். “வந்து கழுவுங்க, சீக்கிரம் ஆயிரும்” என்பாள். ஒரு நாளும் நான் போய்க் கழுவியதில்லை.

இன்று அந்தப் படியில் உட்கார்ந்தேன். அவளைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு தடவை. பேசக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நாலு சிலேட்டு கழுவினால் போதும்.

எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ. திரும்பிப் பார்த்தால் மரகதம் கல்லுக்குப் பக்கத்தில் மண்டி போட்டிருக்கிறாள். கூஜாத் தண்ணீர், கையில் தேங்காய் நார். பாசியைத் தேய்க்கிறாள்!

ஓடினேன். என்ன சொல்லித் தடுப்பது? அதற்குள் எஸ்தர் பெயர் பளிச்சென்று வந்துவிட்டது. “அக்கா பேரை எம்புட்டு அழகா வெட்டியிருக்காக” என்றாள். நார் கீழே இறங்கியது. ஒவ்வொரு எழுத்தாக நான் வெளியே வந்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“இவள் கணவன் ஞானமுத்து உபாத்தியாயர். பிறப்பு 1899. இறப்பு...”

அதற்கப்புறம் வெறும் கல். கையால் தடவிப் பார்த்தாள், எழுத்து ஏதாவது மறைந்திருக்கிறதா என்று.

வீரணனுக்கு அப்போதுதானா வாய் திறக்க வேண்டும்? “நான் வெட்டுனதுதாம்மா அது. தேதிக்கு எடம் விட்டிருக்கேன். அய்யா அன்னைக்கு அழுதுக்கிட்டே நின்னாக. வேற பொண்ணு மொகத்துல முழிக்க மாட்டேன்னாக.” பெருமையாகச் சொல்கிறார்! அந்த மனிதரைத் தூக்கிக் கண்மாய்க்குள் போடலாம் போல வந்தது.

மரகதம் நாரை மறுபடி நனைத்தாள். என் பெயரையும் அதே பதனமாய்த் தேய்த்துக் கழுவினாள். மல்லியைக் கல்மேல் வைத்தாள். கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். பிறகு எழுந்து, “கயித்தைப் போடுங்க, வெயில் ஏறுது” என்றாள் வீரணனிடம்.

கல் வண்டியேறியது. எஸ்தரை அங்கேயே விட்டுவிட்டுக் கல்லை மட்டும் கொண்டு வருகிறோம். கரை ஏறும்போதுதான் அது உறைத்தது. திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு இடத்தில் தடுக்கினேன்.

வரும் வழியில், சமயநல்லூர்ப் பக்கம், மரகதம்: “ஏங்க, எனக்கு ஒண்ணு செய்வீகளா?”

“சொல்லு.”

“எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா என்னையத் திருமங்கலத்துல எங்க அம்மா பக்கத்துல போட்டுருங்க.”

கோபமே இல்லை. உப்புத் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க என்று சொல்வாளே, அந்தக் குரல். கரீம் பாய் பாடிக்கொண்டு வந்த பாட்டை நிறுத்திவிட்டார். நான் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மே 9, திங்கள்

காலை பஸ்ஸில் மரகதம் திருமங்கலம் போனாள். தங்கச்சி மாசமாக இருக்கிறாள், புளி உடைக்க ஆள் இல்லையாம். எப்போது வருவாய் என்று கேட்டேன். “புளி முடியட்டும்” என்றாள். எம்புட்டுப் புளி என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் கல் வந்து இறங்கியது. கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் வாசித்துப் பார்த்துவிட்டு என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். “பக்கத்துல உங்களுக்கு எடம் விட்டு நடுறதாய்யா, இல்ல ஒட்டி நட்டுரவா?”

சுவரில் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 10, செவ்வாய்

புழுக்கம். மேகம் கூடிக் கலைந்துவிட்டது.

தேடிக் கிடைக்காதவை: மிளகாய்த்தூள் டப்பா. சட்டைப் பொத்தான். அரிவாள்மனை. தீப்பெட்டி (பிறகு என் பையிலேயே இருந்தது).

அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன வாத்தியாரே, வீடு சத்தமில்லாம கெடக்கு?” என்றார். அப்போதுதான் கவனித்தேன். வேலை செய்யும்போது மரகதம் மூக்காலேயே ஒரு பாட்டு முனகுவாள். பாதிக் கீர்த்தனை, பாதி அவள் கட்டினது. எரிச்சல் வந்து, நிறுத்தேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆறு வருஷமாக என்னோடு இருந்தாள். நான் எங்கே இருந்தேன்? படியில் உட்கார்ந்து சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன் போல. எஸ்தருக்கு ஏங்கினேன், அது பொய்யில்லை. இன்றைக்கு அந்த முனகலுக்காக ஏங்குகிறேன். இதுவும் பொய்யில்லை. இரண்டையும் எங்கே வைப்பது?

மே 11, புதன்

வீரணன் வந்திருந்தார். என் பெயரை மட்டும் செதுக்கி எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“எடுக்கலாம்யா. பள்ளம் விழும். பள்ளத்தைப் பாத்தா இன்னும் கேப்பாக.”

மே 12, வியாழன்

ஒன்பது மணி பஸ்ஸில் திருமங்கலம். சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமலே.

கொழுந்தியாள் வீட்டுத் தாழ்வாரம் முழுக்கப் புளி. மரகதம் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் பொத்தானைத்தான் பார்த்தாள். தங்கச்சி செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். புத்திசாலி.

பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறாத நாக்கு. “அந்தப் பேரைச் செதுக்கிரச் சொல்லிடுறேன்” என்றேன். “உங்க அம்மா பக்கத்துல எனக்கும் இடம் கேளு. நீ இருக்கிற இடத்துலயே என்னையும் போடச் சொல்லிரு.”

கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை.

“செதுக்காதீக. அந்தக் கல்லை எடம் விட்டே நடச் சொல்லுங்க. அது அக்காவுக்குக் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி வாங்கி என்கிட்ட நீட்டுனா எனக்கு எதுக்கு? செத்த பொறவு நீங்க எங்கன கெடந்தா எனக்கு என்ன? எனக்கு உசுரோட ஏதாச்சும் குடுங்க.”

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை புளி எடுத்தேன். எனக்குக் கொட்டை எடுக்கத் தெரியவில்லை. விரலெல்லாம் பிசுபிசுப்பு. அவள் பார்த்துவிட்டு, “அப்படி இல்லீக, இப்படி” என்று என் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

நாலு மணிவரை எடுத்தோம். ஒரு கூடைக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு தடவை அந்த முனகல் வந்தது. மூச்சு விடாமல் இருந்தேன், நின்றுவிடுமோ என்று.

பஸ் ஏற்றிவிட வந்தாள். வருகிறாயா என்று கேட்டேன். இன்னும் மூணு மூட்டை இருக்காம். ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றாள்.

இன்றைக்கு வியாழன்தான் ஆகிறது.