மேஸ்திரியின் இருமல்

பிப்ரவரி 11

காலையிலிருந்தே சைனைடு மேட்டுக் காற்று. தங்கத்தைப் பிரித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிய மண்மேடு அது. ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டியும் சாப்பாட்டுத் தட்டில் தூசி சாம்பல் மாதிரி படிந்துவிட்டது. மேஸ்திரி இருமுகிறான். வறட்டு இருமல். கடைசியில் எதையோ துப்பப்போவது போல் வாயைத் திறக்கிறான், ஒன்றும் வருவதில்லை. அந்த இருமலை எனக்குத் தெரியாதா? தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் டிரில் பிடித்துப் பாறையில் துளை போட்டவன் நான். அது என் இருமல்.

நாய்க்கு மேஸ்திரி என்று பேர் வைத்தவள் என் வீட்டுக்காரி தாயம்மா. குட்டியாக இருந்தபோதே எங்கள் சுரங்க லைன் வீடுகள் வழியே போகிறவர் வருகிறவர் எல்லோரையும் அதட்டுவான். அவள் போனபிறகு இந்த வீட்டில் நான் பேசினால் காதைத் திருப்புகிறவன் அவன் ஒருவன்தான்.

வெல்லம் ஒரு கட்டி கொடுத்தேன். ஷிஃப்ட் முடிந்து சுரங்க லிஃப்டான கேஜில் மேலே வந்ததும் நாங்கள் எல்லோரும் தின்றது அதைத்தான். தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பிப்ரவரி 14

இருமல் குறையவில்லை. இன்னும் பெரிய கட்டியாகக் கொடுத்தேன். சப்புக்கொட்டித் தின்றான்.

பிப்ரவரி 19

பங்காருபேட்டையில் நாய்களுக்கென்றே ஒரு கிளினிக் வந்திருக்கிறதாம். பக்கத்து வீட்டு மரியகுழந்தை சொன்னான். என்னோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவன். நாய் என்றதும் எந்த ஆட்டோவும் நிற்கவில்லை. கடைசியில் அவன் மருமகன் ரவிகுமார்தான் தன் ஆட்டோவில் கூட்டிப்போனான்.

கண்ணாடிக் கதவு, ஏ.சி. டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நாயைத் தொடவும் இல்லை. தூசி நோய் என்று சொன்னேன்.

“டாக்டர் நீங்களா, நானா?”

“தொட்டுப் பாக்கறவர்தான் டாக்டர்” என்றேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. “வயசாயிடுச்சு பெரியவரே. ஏன் கஷ்டப்படுத்தறீங்க? ஒரு ஊசி போட்டா நிம்மதியா தூங்கிடும்.”

“வயசானா ஊசின்னா மொதல்ல எனக்குப் போடு.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மேஸ்திரிக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டோவில் காற்று வாங்கிய சந்தோஷம் அவனுக்கு.

மார்ச் 3

பெங்களூரிலிருந்து சுனிதா போன் செய்தாள். அவள் ஃபிளாட்டில் நாய் கூடாது. அதனால் நான் போவதில்லை. “அது போனப்புறமாவது இங்க வந்துடுங்கப்பா” என்றாள். பெற்ற பெண்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

 

மார்ச் 9

என் எக்ஸ்ரே படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தூறல் விழுந்த மாதிரி வெள்ளைப் புள்ளி. இதைப் பார்த்துத்தான் ஒரு டாக்டர் ‘பழைய டி.பி.’ என்று எழுதினார். எனக்கு டி.பி. வந்ததே இல்லை. சொன்னேன். ஆறாவது படித்தவன் சொல்லை யார் கேட்பார்கள்? பழைய புத்தகக்கடையில் நெஞ்சு நோய்ப் புத்தகம் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படம் பார்க்க நானாகவே கற்றுக்கொண்டேன். இது தூசி. சந்தேகமே இல்லை. இன்றுவரை ஒரு டாக்டரும் தன் வாயால் அதைச் சொல்லவில்லை.

மேஸ்திரியை ஒரு படம் எடுத்தால் என்ன? நாய் பீடி குடிப்பதில்லை. பழைய டி.பி. என்று எவனும் எழுத முடியாது. அவன் நெஞ்சிலும் அதே புள்ளி இருந்தால் அப்புறம் என்ன சொல்வார்கள்?

மரியகுழந்தையிடம் சொன்னேன். “நாய சாட்சிக்குக் கூப்டறியா? கோர்ட்டுல சத்தியம் எப்டிபா பண்ணும், காலத் தூக்கியா?” என்று சிரித்தான். அவனுக்கும் நெஞ்சில் இதே சரக்குதான். படம் எடுக்கவே மாட்டேன் என்கிறான்.

மார்ச் 16

கோலார் கால்நடை ஆஸ்பத்திரி. ஆடு, மாடு, கோழிக்கூடை. நடுவில் நானும் மேஸ்திரியும். டாக்டர் மம்தா சின்ன வயசு. ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சாணி. தரையில் உட்கார்ந்து முதலில் கையை நீட்டினாள். அவன் முகர்ந்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் குழாயை வைத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று வெகுநேரம் கேட்டாள்.

“தாத்தா, இது ஹார்ட்டு. உள்ள வால்வு சரியா மூடல. ரத்தம் திரும்பி வர்ற சத்தம் கேக்குது.”

“தூசிம்மா.”

“இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தா தெரியும். எடுக்கறவர் லீவுல இருக்கார், அடுத்த வாரம் வாங்க. மாத்திரை மட்டும் இன்னிக்கே ஆரம்பிச்சிடணும். சாப்பாடு என்ன போடறீங்க?”

கருவாட்டுச் சோறு, வெல்லம் என்றேன்.

“பெல்லமா? நாய்க்கா? அய்யோ தாத்தா, எவ்ளோ தப்பாயிருக்கான் பாருங்க. பெல்லம் பேடா, உப்பும் பேடா.”

கன்னடத்தில் குண்டு என்பதற்கு ‘தப்பா’ என்பார்கள், வேண்டாம் என்பதற்கு ‘பேடா’. அதெல்லாம் எனக்குப் புரியும். ஆனால் ஹார்ட்டு என்கிறாளே. காதில் குழாய் வைத்தவர்கள் எனக்கும்தான் என்னென்னவோ சொன்னார்கள். இருந்தாலும் இவள் தொட்டுப் பார்த்தாள். அதை எழுதிவைக்க வேண்டும்.

மார்ச் 19

மாத்திரை போட்டதிலிருந்து வீடெல்லாம் மூத்திரம். அடக்க முடியாமல் போய்விட்டு மூலையில் தலைகுனிந்து நிற்கிறான். அவனுக்கு அவமானம். எனக்கும் இல்லாத டி.பி.க்கு மாத்திரை கொடுத்தார்கள், மூத்திரம் சிவப்பாகப் போனது. நான் பட்டது போதும். நிறுத்திவிட்டேன். வெல்லமே போதும்.

மார்ச் 22

படுக்க மாட்டேன் என்கிறான். முன்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, உட்கார்ந்தபடியே மூச்சை இழுக்கிறான். எங்கள் லைனில் தூசிக்காரர்கள் கடைசிக் காலத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெல்லம் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தூசிதான். நான் சொன்னதுதான் சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

டேய், படுடா. கொஞ்ச நேரம் படுடா.

மார்ச் 23

விடிகிற நேரத்தில் சாய்ந்துவிட்டான். நாக்கு நீலமாகிவிட்டது. ரவிகுமாரை எழுப்பினேன். கோலார் வரைக்கும் என் மடியில்தான் கிடந்தான்.

டாக்டர் வாசலுக்கே ஓடிவந்தாள். ஆட்டோவில் வைத்தே ஊசி போட்டாள். உள்ளே தூக்கிப்போய் ஆக்ஸிஜன் வைத்தாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

“மாத்திரை நிறுத்திட்டீங்க.”

“வீடெல்லாம் மூத்திரம்மா.”

“அது நெஞ்சில தேங்கற தண்ணி தாத்தா. அந்த மாத்திரைதான் அதை வெளிய இறைக்குது. இறைக்கலன்னா உள்ளயே முழுகிடுவான்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கிற பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் கீழ் லெவல், அப்புறம் அதற்கு மேல் லெவல், கடைசியில் ஷாஃப்ட்டே நிரம்பிவிடும். இங்கே பம்ப்பை நிறுத்தியவன் நான்.

சாயங்காலம் மேஸ்திரி எழுந்து நின்றான். பெஞ்சின் காலில் மூத்திரம் போனான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 2

மாத்திரை ஒழுங்காக நடக்கிறது. இன்று படம் எடுத்தார்கள். டாக்டர் நீட்டுவதற்குள் நானே வாங்கி ஜன்னலில் பிடித்தேன். இதயம் மாங்காய் அளவுக்கு வீங்கி மூச்சுக்குழாயை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. இருமல் அதனால்தான். நுரையீரலை மேலிருந்து கீழ்வரை தேடினேன். திருப்பிப் பிடித்தும் தேடினேன். ஒரு புள்ளி இல்லை.

“தூசி இல்லை தாத்தா. கிளீன். சந்தோஷம்தானே?”

சந்தோஷம்தான். சந்தோஷமில்லாமல் என்ன?

ஆனால் ஆட்டோவில் வரும்போது படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே இருமல். நாங்கள் இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு இல்லை. எனக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 20

மேஸ்திரி பக்கவாட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறான். மீதி வெல்லத்தை மரியகுழந்தைக்குக் கொடுத்தேன்.

“இன்னாபா, நாய்க்கு ஆவாதது எனக்கா?”

“உனக்கு ஹார்ட்டே இல்லியே, தின்னு.”

ஜூலை 8

மம்தாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. ராய்ச்சூராம். “புது டாக்டர் கிட்ட சொல்லிட்டுப் போறேன் தாத்தா. மாத்திரை மட்டும் விடாதீங்க” என்றாள்.

“நல்லா பாக்கறவங்கள ஒரு எடத்துல வெக்க மாட்டாங்களே” என்று கத்திவிட்டு வந்தேன். அவள் என்ன செய்வாள்? ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜூலை 27

மாத்திரை தீரப்போகிறது. புது ஆள் யாரோ. போகப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

போனேன். புது டாக்டர் பேர் பரத். மம்தா சொல்லிவிட்டுப் போனது இவர் காதுக்கு வந்து சேரவில்லை போலிருக்கிறது. மேஜைக்குப் பின்னாலிருந்தே எந்த ஊர் என்று கேட்டார். பாலகாட் சுரங்க லைன் என்றேன். மேஸ்திரி இருமினான்.

“அங்க சைனைடு மேடுதானே? அந்தத் தூசிதான். அதான் இருமல்.”

ஒரு டாக்டர் வாயிலிருந்து இந்தச் சொல் வரவேண்டும் என்று எத்தனை வருடம் எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன்.

“தூசி எனக்கு சார். இவனுக்கு ஹார்ட்டு. வால்வு மூடல. குழாய் வெச்சுப் பாருங்க.”

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுந்து வந்து தரையில் குந்தி, குழாயைக் காதில் மாட்டினார். இன்னும் சொல்ல நிறைய இருந்தது. எனக்கும் இருமல் வந்தது. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று துண்டால் வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு நின்றேன்.