ஸ ஒருமுறைதான்

6.2.1999, சனி

காலையில் பனி. கிணற்றடியே தெரியவில்லை. ஜெனறேற்றரின் பிளக்கைத் துடைத்த பிறகுதான் கிளம்பியது.

காதுப் பயிற்சிப் புரோகிராம் இன்று முதல்முறையாகப் பிள்ளைகளோடு. கொம்பியூட்டர் ஸ ஒலிக்கும், பிறகு ஏதாவது ஒரு சுரம். எந்தச் சுரம் என்று பிள்ளை விசையை அழுத்த வேண்டும். சரி, பிழை திரையில் வரும். மாணவருக்கு ஒரு பகுதி, ஆசிரியர் புள்ளி பார்க்க இன்னொரு பகுதி.

முதல் கோளாறு: இரண்டு பிள்ளைகள் ஜெனறேற்றர் உறுமுவதை ஸ என்று பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் பிழை. ஜெ.வைக் கிணற்றுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். வயர் நீளம் காணாது.

ரீச்சர் பின்னால் நின்று பார்த்தார். பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே புதுக்குடியிருப்பில் சங்கீத வகுப்பு நடத்துபவர். இந்தப் புரோகிராமைக் கேட்டதே அவர்தான்.

"தம்பி, ஒவ்வொருக்காலும் ஸ குடுத்தா காது சோம்பேறியாப் போயிடும். துடக்கத்தில ஒருக்காக் குடுத்தாக் காணும். பிறகு அவை மனசில வைச்சிருக்க வேணும்."

மாற்றினேன். எனக்கும் வேலை குறைவு.

செய்ய: வயர். திரையில் 'ம' எழுத்தின் வளைவு. சவர்க்காரம்.

9.2, செவ்வாய்

வெயில். வயர் இரவல் கிடைத்தது. ஜெ. இப்போது கிணற்றுக்கு அப்பால், சத்தம் பரவாயில்லை.

பிள்ளைகளின் புள்ளி ஏறிக்கொண்டே போகிறது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

ரீச்சருக்கு உதவி ஆசிரியை ஒருவர் தேவை. சம்பளம் உண்டு. என் புரோகிராமால் காது சோதித்து எடுப்பாராம், சனியன்று. நாலு பேர். மூவர் பக்கத்தில் இருப்பவர்கள், தினமும் பயிற்சிக்கு வருகிறார்கள். நாலாமவள் செல்வராணி, ஊர் அக்கராயன். தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்பவர். தூரம் என்பதால் வாரம் ஒருமுறைதான் வருவாள். கொம்பியூட்டர் முன்னால் இன்னும் உட்காரவே இல்லை.

இன்று வந்திருந்தாள். "இந்தமுறை கிடைக்காட்டி பாட்டை விட்டிட்டு வயலுக்கு வா எண்டு அப்பா சொல்லிட்டார் சேர்." சும்மா சொல்வதுபோலச் சொன்னாள். நான் 'ம'வின் வளைவைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

13.2, சனி

ஜெ.க்கு மண்ணெண்ணெய் இல்லை. சங்கக்கடையில் "நாளைக்கு வரும்." நல்லவேளை, புரோகிராமை ஓடவிட்டு எல்லாக் கேள்விகளையும் நேற்றே கசெற்றில் பதிந்து வைத்திருந்தேன். தடைக்காலத்தில் பற்றரி ஏது? வழமைபோல சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து கசெற் றேடியோவுக்கு வயர். மிதித்தது நான். நால்வரும் கேட்டுக் கேட்டு விடையைத் தாளில் எழுதினார்கள்.

மூவருக்கும் கிட்டத்தட்ட முழுப் புள்ளி. செல்வராணிக்குப் பாதிக்குப் பாதி பிழை. தொடக்கம் எல்லாம் சரி. பிற்பகுதியில் எல்லாம் ஒரு படி கீழே. க வந்தால் ரி என்கிறாள், ப வந்தால் ம.

"கசெற் இறங்கிக்கொண்டு போச்சு ரீச்சர்."

"மற்றப் பிள்ளையளுக்கு இறங்கேல்லையோ?"

செல்வராணி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ரீச்சரின் முகம் சுண்டிப்போனது. அவளில்தான் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

கால் நோகிறது. எங்கேயும் போகாமலே.

14.2, ஞாயிறு

கால் இன்னும் நோகிறது. அந்த நோவில்தான் விளங்கியது. பிற்பகுதியில் எனக்கு மூச்சு வாங்கியது. கால் சோர்ந்தால் டைனமோ சோரும், கசெற் மெதுவாகும், சுரம் இறங்கும். அவள் சொன்னது சரி.

அப்படியானால் மற்ற மூவரும்? இறங்கிய கசெற்றைக் கேட்டு இறங்காத விடையை எழுதியது எப்படி?

மண்ணெண்ணெய் வந்தது. புரோகிராமைத் திரும்பத் திரும்பத் தொடக்கிப் பார்த்தேன். ரி, ப, க, த, ம. எப்போது தொடக்கினாலும் அதே ஒழுங்கு. சுரங்களைக் கலைத்துப் போடும் கட்டளை எழுதியிருந்தேன். ஒவ்வொரு தரமும் வேறு விதமாகக் கலைக்கச் சொல்லும் வரியை எழுத மறந்துபோனேன். ரியூசனில் பழைய வினாத்தாளைப் பாடமாக்குவதுபோல மூவரும் விடைகளைப் பாடமாக்கிவிட்டார்கள். நான் தலைக்கனப்பட்ட புள்ளிகள் இவைதான். வெட்கமாக இருக்கிறது.

ரீச்சரிடம் போய்ச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைக்கவில்லை.

"திரும்ப வையும் தம்பி. ஜெனறேற்றரில வையும். அந்தப் பிள்ளைக்கு ஆள் அனுப்பும்."

20.2, சனி

மேகம். மழை இல்லை. அந்த வரியைச் சேர்த்தாயிற்று.

ஸ ஒலித்தது, ஒருமுறை. முதல் சுரம் வருமுன்பே ஒருத்தி எழுதத் தொடங்கினாள். மற்ற இருவரும் அப்படியே. செல்வராணி மட்டும் பேனையை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவளுக்கு ஒன்றுதான் பிழை. மற்றவர்களின் புள்ளியை இங்கே எழுதவில்லை.

ஒருத்தியின் தாய் வாசலில் பிடித்துக்கொண்டார். "சேர், உங்கட மெசின் பழுதாப் போச்சு. போன கிழமை நல்லா வேலை செய்ததெல்லோ."

ஓம் என்றேன்.

ரீச்சர் செல்வராணியிடம், "திங்கக்கிழமை துடக்கம் வா பிள்ளை" என்றார். சிரிப்பாள் என்று பார்த்தேன். பையிலிருந்து போன கிழமைத் தாளை எடுத்து நீட்டினாள். முழுக்க என் சிவப்புக் கோடுகள்.

"இதையும் திருத்தித் தாங்கோ சேர். இதைத்தான் அப்பா பாத்தவர்."

அந்தத் தாளுக்கு விடை கொம்பியூட்டரில் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் கேட்டதுதான் விடை. ரீச்சர் சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அதே கசெற்றைப் போட்டுவிட்டு நான் சைக்கிளில் ஏறினேன். முதல் பாதி நன்றாகப் போனது. பிறகு கால் களைத்தது, நடிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் பதிந்த க வந்தது.

"ரி," என்றார் ரீச்சர். "மிதியும் தம்பி, நிப்பாட்டாதேயும்."

தாளில் ரி. என் சிவப்புக் கோட்டுக்கு மேலேயே சரி போட்டார்.